மூன்றாம் நாள் டப்பா

எங்கள் பயிற்சி விடுதியில் எல்லோரும் அவளைச் சாம்பிள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக ஆரம்பித்தது. பிறகு விடுதிக் காப்பாளர் அம்மாவே அப்படிக் கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. இருநூறு பெண்கள் தங்கிப் படிக்கும் இடம். ஒவ்வொரு வேளையும் சமைத்த எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, மூடி போட்ட டப்பாவில் அடைத்து, தேதி எழுதிய சீட்டு ஒட்டி, பிரிட்ஜில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. யாருக்காவது வயிறு கெட்டுப்போனால் சுகாதார ஆய்வாளர் வந்து அந்த டப்பாவைத்தான் கேட்பார். ஒன்றும் ஆகவில்லை என்றால் மூன்றாம் நாள் சாயங்காலம் குப்பையில் கொட்டிவிட்டு, நோட்டில் ‘அழிக்கப்பட்டது’ என்று எழுத வேண்டும். எழுதுவது அவள். கீழே கையெழுத்துப் போடுவது குமாஸ்தாவாகிய நான். கையெழுத்துப் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூடக் குப்பைத்தொட்டியை எட்டிப் பார்த்ததில்லை.

அந்த டப்பாக்களில் இருந்தது குப்பைக்குப் போகவில்லை. அவள் வீட்டுக்குப் போனது.

வேலை தேடி வெளியூர் போன புருஷன் எப்போதாவது போன் பண்ணுவான். பணம் அதைவிட எப்போதாவது வரும். இரண்டு பெண் குழந்தைகள், பத்து வயதும் ஆறு வயதும். சம்பளம் வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக, மிச்சத்தில் அவள் சமையல் நடத்திய விதத்தைப் பின்னால் அவளே என்னிடம் சொன்னாள். உடைந்த பிஸ்கட்டை மூட்டையாக விற்கும் கடை எது, காய்கறிக் கடைக்காரர் எத்தனை மணிக்குச் சலித்துப்போய் அழுகல் தக்காளியை ஒதுக்குவார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தீர்ந்துபோன எண்ணெய் பாக்கெட்டைக் கத்தரியால் வெட்டி விரித்து, அதன் உள்பக்கத்தால் சட்டியைத் துடைத்து, அன்றைய தாளிப்பை முடித்துவிடுவாள். அவித்த ஒரு முட்டையை நூலால் இரண்டாக அறுப்பாள். கத்தியில் மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டு வீணாகுமாம். “உனக்கு இல்லையாம்மா?” என்று பெரியவள் கேட்டால், “நான் வேலை செய்ற எடத்துலயே சாப்ட்டேன்” என்பாள். விடுதியில் வேலை செய்பவர்களுக்குச் சாப்பாடு கிடையாது. மிச்சச் சோறெல்லாம் டிரம்மில் போட்டு, ஒப்பந்தப்படி பன்றிப் பண்ணைக்காரருக்குப் போகும்.

பாத்திரத்தில் கிடந்ததை அவள் ஒரு பருக்கைகூடத் தொட்டதில்லை. அது திருட்டு. மூன்று நாள் முடிந்த டப்பா குப்பை, குப்பையை எடுப்பது திருட்டு ஆகாது. இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொண்டு மானத்தோடு இருந்தாள். வீட்டில் எல்லாவற்றையும் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிப் பரிமாறும்போது, “பெரிய கரண்டி பெரியம்மா உங்களுக்குன்னு குடுத்து விட்டாங்க” என்று பிள்ளைகளிடம் சொல்லுவாள்.

பெரிய கரண்டி எங்கள் சமையல்காரம்மா. தொண்டையும் பெரிது, கோபமும் பெரிது. காய் நறுக்குபவள் ஒரு வெங்காயத்தைக் கீழே போட்டால்கூட அன்று முழுக்க அர்ச்சனைதான். யாருக்கும் எதையும் கொடுத்துவிட்டதாகச் சரித்திரம் இல்லை. அந்த அம்மாவைத்தான் சாம்பிள் அக்காவின் சின்னவள் படமாக வரைந்து, கையில் ஆள் உயரத்துக்கு ஒரு கரண்டியையும் கொடுத்து, ‘ரொம்ப நன்றி பெரியம்மா’ என்று எழுதித் தந்திருக்கிறாள். அதைக் கொடுக்கவும் முடியாமல் கிழிக்கவும் மனம் வராமல் சாம்பிள் அக்கா தன் பையின் அடியில் மடித்து வைத்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவளுக்குப் போன் வந்தது. புருஷனின் தங்கை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து வீட்டு வாசலில் நிற்கிறாள். ராத்திரி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிடுவாளாம். அண்ணி குடும்பம் நடத்தும் அழகை அண்ணனிடம் ஒப்பிக்கப் போகிறவள். வீட்டில் அரிசியைத் தவிர ஒன்றுமில்லை. அன்றைய மூன்றாம் நாள் டப்பாக்களில் அவித்த கிழங்கும் பருப்பும்தான் இருந்தன. பக்கத்திலேயே அன்று மதியம் வைத்த கோழிக்கறி டப்பா இருந்தது, சீட்டில் மை கூடக் காயாமல். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கை நாள் கணக்கை மீறியது.

கிழங்கைச் சேர்த்து அந்தக் கறியைப் பெருக்கினாள். “அண்ணி, உங்க கைப்பக்குவமே தனி” என்றாளாம் நாத்தனார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பரிமாறியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் விடுதியில் பதினேழு பெண்களுக்கு வாந்தி. ஏழு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்து மணிக்கெல்லாம் ஆய்வாளர் வந்துவிட்டார். நேராகப் பிரிட்ஜைத் திறந்து, நேற்று மதியக் கோழி எங்கே என்றார்.

“என் கையால எடுத்துக் குடுத்தேன் சார்” என்றாள் பெரிய கரண்டி.

“குடுத்திருந்தா இருக்கணும்ல?” என்றார் காப்பாளர் அம்மா. “கெட்டுப்போனது தெரிஞ்சதும் நீயே எடுத்துக் கொட்டிட்டியா?”

“பத்தொன்பது வருஷமா இந்த அடுப்புல நிக்கிறேன். நான் அப்படிச் செய்வேனா?”

அந்தத் தொண்டை அவ்வளவு சன்னமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. சாம்பிள் இல்லாவிட்டால் சமையல்காரரை இன்றே நிறுத்திவைக்க வேண்டியதுதான், மேலே வழக்கும் வரும் என்று ஆய்வாளர் காகிதத்தை எடுத்தார். நான் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து.

“டப்பாவ எடுத்தது நான்தாங்க.”

எல்லோரும் திரும்பினோம். சாம்பிள் அக்கா பாத்திரம் கழுவும் தொட்டி ஓரமாக நின்றிருந்தாள். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“எங்க போட்ட?” என்றார் ஆய்வாளர்.

“வீட்டுக்குக் கொண்டு போனேன்.”

“எதுக்கு?”

அந்தக் கேள்விக்குப் பதில் அங்கே நின்ற எல்லோருக்கும் அதற்குள் தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஒருவரும் அவளுக்காகச் சொல்லவில்லை. வாசல்வரை பயிற்சிப் பெண்கள் கூடியிருந்தார்கள்.

“சாப்பிடத்தாங்க.”

“எத்தன பேர் சாப்ட்டீங்க?”

“நானும் என் ரெண்டு பொண்ணுங்களும். எங்க நாத்தனாரும்.”

“யாருக்காவது வாந்தி, வயித்துவலி?”

“இல்லைங்க. எல்லாரும் நல்லா இருக்கோம். நாத்தனாரும் ஊருக்குப் போய்ச் சேர்ந்து காலைல போன் பண்ணினா.” கொஞ்சம் நிறுத்தினாள். “சின்னவ இன்னும் கொஞ்சம் கேட்டா. அதான் இல்ல.”

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டார். கோழியில் கோளாறு இல்லை என்றால், ஆஸ்பத்திரியில் இருக்கும் பெண்கள் வெளியில் என்ன வாங்கித் தின்றார்கள் என்று விசாரிக்கச் சொன்னார். பதினேழு பேரும் முந்தின நாள் சாயங்காலம் வாசலில் வண்டிக்காரரிடம் கிரீம் பன் தின்றவர்கள். மிச்சமிருந்த ஒரு பன்னைச் சோதனைக்கு அனுப்பினார்கள், அதுதான் என்று முடிவு வந்தது.

சாம்பிள் அக்காவுக்கு வேலை போகவில்லை, ஒரு மெமோ மட்டும். பிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டு சாவியை என் மேஜையில் வைத்தார்கள். மூன்றாம் நாள் டப்பாக்களை இப்போது நானே குப்பையில் கொட்டுகிறேன். காலி டப்பாக்களை அவள் வாங்கிக் கழுவுகிறாள். அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அவளாவது பசிக்கு எடுத்தாள். பார்க்காமலேயே பார்த்ததாக நான்கு வருஷம் எழுதியவனுக்குச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? எனக்கு மெமோகூட வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, வேலை முடிந்து அவள் கிளம்பும்போது பெரிய கரண்டி குறுக்கே வந்து நின்றாள். கையில் ஒரு தூக்குப் பாத்திரம்.

“எங்க வீட்டுல செஞ்சது. இது சாம்பிள் இல்ல.”

“வேணாங்க்கா. பிள்ளைங்க சாப்ட்டிருக்கும்.”

“புடி” என்று பழைய தொண்டையில் ஒரு அதட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் மூடியைத் திறந்ததும் சின்னவள் ஓடி வந்து எட்டிப் பார்த்தாளாம். “பெரிய கரண்டி பெரியம்மா குடுத்து விட்டாங்களா?”

நான்கு வருஷம் தடுமாறாமல் சொன்ன பதில்தான். அன்றைக்குத்தான் அது முதல் தடவையாக உண்மை. அவளோ முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழாயைத் திறந்து சும்மா கையைக் கழுவிக்கொண்டே நின்றாள்.

சின்னவள் தட்டை எடுக்கவில்லை.

“ஏம்மா,” என்றாள், “இது அவங்க குடுத்தது இல்லையா?”