எட்டு கம்ப்யூட்டருக்கும் என் பெயர்

சுனாமிக்கு அடுத்த வருஷம், ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. அப்போது நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயில்வே ஸ்டேஷனுக்கு அருகில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதைப் பார்த்தாலும் எண்ணுவது என் வழக்கம். என் மனைவி இதை வியாதி என்பாள்.

தெருமுனையில் புதிதாக ஒரு பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. எட்டு கம்ப்யூட்டர், எட்டு நாற்காலி. அதில் இரண்டுக்குக் கை கிடையாது. கடைக்காரர் எங்களுக்கு உறவில்லை, ஆனாலும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். கடை திறந்த அன்று பூசணிக்காய் உடைத்த கையோடு என்னை உள்ளே இழுத்துப் போனார்.

“நீங்க ஒக்காந்து போணி பண்ணுங்க மாமா. உங்க கை ராசியான கை.”

மஸ்கட்டில் இருந்த என் மகனுக்கு ஒரு மெயில் அனுப்பிவிட்டு, பத்து ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். கடையில் கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. அதற்குப் பிறகு வாரம் இரண்டு முறை அங்கே போவேன். கரண்ட் போனால் அடித்த மெயில் அழிந்துவிடுமோ என்ற பயத்தில் நாலு வரிக்கு மேல் எழுத மாட்டேன்.

அன்று காலை வீட்டு வாசலில் ஒரு ஜீப் நின்றது. சிதம்பரத்திலிருந்து வந்த சப் இன்ஸ்பெக்டர், ஒரு கான்ஸ்டபிள், அவர்களோடு வேறு இரண்டு பேர். ஒருவர் சிதம்பரத்தில் கல்லூரியில் படித்த ஒரு பெண்ணின் அப்பா. இன்னொருவர் அவளுடைய தாய்மாமன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். சப் இன்ஸ்பெக்டர் என் பெயரை முன்னெழுத்தோடு சொல்லி, நான்தானா என்று கேட்டார். நான்தான் என்றேன்.

அந்தப் பெண்ணிடம் இன்டர்நெட் அரட்டையில் யாரோ பல நாட்களாக அசிங்கமாகப் பேசியிருக்கிறான். அவள் போட்டோவைக் கண்ட படத்தோடு ஒட்டி ஊரெல்லாம் அனுப்புவேன் என்று மிரட்டியிருக்கிறான். மூன்று நாட்களுக்கு முன் அவள் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தவள் யாரோடும் பேசவில்லை.

தாய்மாமன் ஒரு காகிதத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்த அரட்டையின் அச்சுப்பிரதி. மேலே அவன் வைத்துக்கொண்ட புனைபெயர். அதை ஒட்டி ஆங்கில எழுத்தில் என் பெயர்.

“இது அவன் வச்சிக்கின பேரு இல்ல சார். ஒருத்தன் அரட்டைக்குள்ள வந்தா, அவன் எங்கேர்ந்து வரானோ அந்த எடத்து சர்வரக் கேப்பாங்க, உள்ள ஒக்காந்திருக்கிறது யாருன்னு. அது சொன்ன பேரு இது. எடம் உங்க தெருமுனைக் கட. மெஷினு பொய் சொல்லாது” என்றார். பிறகு குரல் உடைந்து, “ஒம் பேத்தி வயசுடா அவளுக்கு” என்று என் சட்டையைப் பிடித்தார்.

அந்த மாதிரி அரட்டைக்கு எப்படிப் போவது என்றே எனக்குத் தெரியாது. அதைச் சொன்னேன். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்றார் சப் இன்ஸ்பெக்டர். ஜீப்பில் ஏறும்போது என் மனைவி குடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு மெல்லக் கேட்டாள்: “வாரம் ரெண்டு தபா அங்க போயி நீங்க இன்னாதான் பண்ணுவீங்க?” நாற்பத்தோரு வருஷம் என்னோடு வாழ்ந்தவள். தெருவே வேடிக்கை பார்த்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் வழி முழுக்கக் கூடவே வந்தது.

சிதம்பரம் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் கம்பிகளை எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினால் பன்னிரண்டு வந்தது. எதிரே இன்னொரு பெஞ்சில் அந்த அப்பா. அவர் என்னைத் திட்டவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் கடைக்காரர் வந்து சேர்ந்தார். என் மனைவிதான் போன் செய்திருக்கிறாள். வந்தவர் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஐயோ சார், இந்தப் பேர நான்தான் போட்டேன்!”

விஷயம் இதுதான். அந்த அரட்டைக்காரர்கள் ‘யார் அது’ என்று கேட்கும்போது கடையிலிருந்து பதில் வராவிட்டால் கதவைத் திறக்க மாட்டார்களாம். வாடிக்கையாளர்கள் சத்தம் போடவே, பதில் சொல்வதற்கென்று கடையில் ஒரு சின்ன சர்வரை அமைத்திருக்கிறார். ஒழுங்காகச் செய்வதென்றால் எந்த கம்ப்யூட்டரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அதற்குத் தெரிய வேண்டும். அது பெரிய வேலை. ஏதாவது ஒரு பெயரைக் கொடுத்துவிட்டால், யார் கேட்டாலும் அதையே சொல்லிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“சாமி பேரு போட மனசு வரல. மாமா போணி பண்ணதுலேர்ந்து யாவாரம் நல்லாப் போவுது. ராசிக்கு மாமா பேரயே அடிச்சி வுட்டேன்.”

“மாமனக் காப்பாத்தக் கத வுடுறியா?” என்று அதட்டினார் சப் இன்ஸ்பெக்டர். ஆனாலும் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஜீப் கடலூருக்குத் திரும்பியது.

கடையில் இருந்தவர்களை வெளியே அனுப்பினார்கள். சப் இன்ஸ்பெக்டரே ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, வாய்க்கு வந்த புனைபெயரில் அந்த அரட்டைக்குள் போனார். தாய்மாமன் இன்னொன்றிலிருந்து அது யார் என்று விசாரித்தார். திரையில் என் பெயர் வந்தது.

“இன்னாய்யா இது, நானும் பெருசு ஆயிட்டேன்!” என்றார் சப் இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிள் சிரித்தார்.

தாய்மாமன் சிரிக்கவில்லை. எட்டிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார். எட்டிலும் நான்தான். கடைசியில் தன்னையே விசாரித்துப் பார்த்தார். அவரும் நான்தான். எழுந்து வந்து என் கையைப் பிடித்து, “மன்னிச்சிக்கோங்க ஐயா” என்றார்.

அந்த அப்பாவுக்கு எதுவும் விளங்கவில்லை. வாசல் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடி, “இன்னா ஆச்சி மச்சான்?” என்று கேட்டார்.

“இங்க வந்து எவன் ஒக்காந்தாலும் இவுரு பேருதான் வரும் மச்சான். இவுரு இல்ல.”

“செரி. அப்ப எவன் அவன்?”

எல்லோரும் கடைக்காரரைப் பார்த்தார்கள். வருகிறவர்களிடம் பெயர் கேட்பதில்லை, கல்லூரிப் பையன்கள், வெளியூர் ஆட்கள் என்று ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேர் வந்து போகிறார்கள் என்றார் அவர். சொல்லியிருக்க வேண்டியது அந்த சர்வர்தான். அதற்கோ என் பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாது.

“கண்டம் தாண்டிட்டீங்க மாமா” என்று கடைக்காரர் என் தோளைத் தட்டினார். அதைக் கேட்டு அந்த அப்பா என்னிடம் வந்தார்.

“உங்களுக்கு முடிஞ்சிபோச்சி சார். எம் பொண்ணு வாயத் தொறந்து யாருப்பான்னு கேட்டா நான் இன்னா சொல்றது?”

அவன் கடைசிவரை அகப்படவில்லை. அந்தப் பெண் பிழைத்தாள். ஆனால் படிப்பை விட்டுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கடைக்காரர் அன்றே என் பெயரை அழித்தார். வருகிறவர்களிடம் பெயர், விலாசம் எழுதி வாங்கவும் ஆரம்பித்தார். ஆளுக்கு ஆள் அதிலும் என்ன பெயர் எழுதினார்களோ தெரியாது. நான் மறுபடி அங்கே போகவில்லை. அதற்குப் பிறகு மகனோடு போனில் மட்டும்தான்.

எனக்குக் கெட்ட பெயர் வரவில்லை என்று என் மனைவி வடலூர் போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. நான் குற்றவாளி இல்லை என்று காட்டிய அந்தத் திரைதான், குற்றவாளி யாரென்று இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை என்பதையும், வாசலில் செருப்பில்லாமல் நின்ற அந்த மனிதருக்குக் காட்டியது.