உளவாளிக்கு அப்பா கட்டிவைத்த பெண்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஒன்றே ஒன்று இருக்கிறது. மூத்த மகளான நான் அதை இத்தனை நாளும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அப்பா யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்தவர். கல்யாணமான அடுத்த வருடமே அம்மாவை ஊரில் விட்டுவிட்டு, ஏசி திருத்தும் வேலைக்கு டோஹாவுக்குப் போனார். யுத்த காலம், வேறு வழி இருக்கவில்லை. அங்கே ஒன்பது வருடங்கள் சிட்டகொங்கைச் சேர்ந்த ஒருவரோடு ஒரே அறையில் இருந்தார். அந்த நண்பரிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய வங்காள உளவு நாவல்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நாயகன். துப்பாக்கியோடு நாடு நாடாகப் போவான், வயது மட்டும் ஏறாது. அப்பா அந்த நாவல்களில்தான் வங்காள எழுத்துப் படித்தார். வாசித்த கதைகளைத் தமிழில் அம்மாவுக்குக் கடிதமாக எழுதினார். காதல் கடிதம் எழுதத் தெரியாத மனிதர், வேறென்ன செய்வார்!

சிட்னிக்கு வந்து பென்டில் ஹில்லில் குடியேறிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. லகெம்பாவில் கடை வைத்திருக்கும் வங்காளி அங்கிளிடம் புத்தகங்களை இரவல் வாங்குவார். அட்டையில் அரைகுறை உடுப்போடு பெண்கள் நிற்பார்கள் என்பதால், ஹெலன்ஸ்பர்க் கோயில் கலண்டர் தாளால் உறை போட்டுவிடுவார். அண்ணர் பக்திப் புத்தகம் படிக்கிறார் என்று சித்தப்பா நெடுங்காலம் நம்பியிருந்தார்.

நீரிழிவு அம்மாவின் பார்வையைப் பறித்த பின், தினமும் நான்கு மணித் தேநீரோடு பக்கத்துக் கதிரையில் இருந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லுவார். எங்களோடு அதட்டாமல் பேசத் தெரியாத அப்பா, அந்த ஒரு மணி நேரம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுவார். ஒவ்வொரு கதையின் முடிவிலும் நாயகன் தன் மனைவிக்குப் போன் எடுப்பான். அம்மாவுக்குக் கொலையும் குண்டும் ஒரு பொருட்டல்ல. அந்தப் போனுக்காகவே காத்திருப்பார்.

சென்ற வருடம் ஒரு புத்தகத்தில் முப்பது பக்கங்கள் மீதி இருந்தபோது அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாட்கள் கண் திறக்கவேயில்லை. ஒரு சொல்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்தக் கதை எப்பிடி முடியுது எண்டு கேட்டுக்கொண்டு வா. அதைக் கேட்டாத்தான் எனக்கு மனம் ஆறும்."

புத்தகத்தோடு லகெம்பாவுக்குப் போனேன். அங்கிள் கடைக் கதவைச் சாத்திவிட்டு, மீதிக் கதையை ஆங்கிலத்தில் சொன்னார். நாயகன் தப்பிவிடுகிறான். அடுத்த வேலைக்கான விமானத்துக்காகத் தனியே நிற்கிறான். அவ்வளவுதான்.

"மனைவிக்குப் போன் எடுக்கவில்லையா?" என்று கேட்டேன்.

அங்கிள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எந்த மனைவி, மகளே? இவன் கல்யாணமே கட்டாதவன். இத்தனை வருடமாக வாசிக்கிறேன், ஒரு புத்தகத்திலும் அப்படி ஒருத்தி இல்லை."

காருக்குள் இருந்து அழுதேன். டோஹாக் கடிதங்களைச் சின்ன வயதில் அம்மா எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். முதலாவது கடிதத்திலேயே அந்த மனைவி இருந்தாள்.

வீட்டில் அம்மா காத்திருந்தார். விமான நிலையம் வரை சொன்னேன்.

"வீட்டுக்குப் போன் எடுத்தவனோ?"

"ஓம் அம்மா, எடுத்தவன்."

"என்னவாம்?"

"போயிட்டு வாறன் எண்டு சொன்னவன்" என்றேன்.

"சொல்லிப்போட்டுத்தானே போறான். அது போதும் எனக்கு" என்றார் அம்மா. அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் எங்களோடு நின்ற உறவுகளுக்கும், மாதக் கணக்கில் சமைத்துக் கொண்டுவந்து தந்த பென்டில் ஹில் அன்ரிமாருக்கும், மெல்பேணிலிருந்து கார் ஓடி வந்த மாமா குடும்பத்துக்கும், லகெம்பா அங்கிளுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இன்னுமொரு உதவி. இந்த மலரை வாசித்துக் காட்டச் சொல்லி அம்மா உங்களில் யாரிடமாவது கேட்பார். தலைப்பையும் நான் லகெம்பா போன கதையையும் தயவுசெய்து விட்டுவிட்டு வாசியுங்கள். அந்த மனைவி அம்மாவோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

— மூத்த மகள்