மதகுக்கு இரண்டு பலகை

என் சித்தப்பா நான்கு வருஷம் துபாயில் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, எல்லோரையும் போலத் தங்கச் சங்கிலியும் கம்பளியும் கொண்டுவரவில்லை. ஒரு பெட்டி நிறைய ஸ்பானர் கொண்டுவந்தார். வந்த மூன்றாம் வாரமே, திருச்சியில் ஒரு கட்சிப் பிரமுகர் ஓட்டி ஓட்டி அலுத்துப்போன பழைய டீசல் காரை வாங்கி வந்து, வீட்டுக்குப் பக்கத்தில் நெல் காயும் களத்தில் நிறுத்தினார். எனக்கு அப்போது பத்து வயது. அந்தக் காருக்கு என்னைவிட இரண்டு வயது கூட.

அதில் டர்போ இருந்தது. அதற்காகத்தான் வாங்கினாராம்.

“வெளிய போற பொகையையே புடிச்சு ஒரு காத்தாடியச் சுத்த வைக்கும் பாப்பா. அது என்ஜினுக்குள்ள காத்தத் திணிக்கும். காத்து கூடுனா வேகம் கூடும்” என்றார் சித்தப்பா.

“வீணாப் போற பொகைகூட வேல செய்யுதாம்” என்றார் அப்பா, காற்றைப் பார்த்துப் பேசுவதுபோல. சித்தப்பா வயலில் கால் வைப்பதில்லை என்பது அப்பாவின் தீராத குறை.

அப்பா ஆளும் கட்சியின் கிளைச் செயலாளர். காரின் முன்பக்கம் பழைய பிரமுகர் வைத்துவிட்டுப் போன கொடிக்கம்பி ஒன்று இருந்ததில், அவருக்கு அந்த வண்டிமேல் லேசான ஒரு பிரியம் உண்டாகியிருந்தது. சித்தப்பா முதல் வேலையாக அந்தக் கம்பியைத்தான் கழற்றினார். கேட்டால் எடை என்றார். பிறகு பின்சீட்டு போனது, ஸ்டெப்னி போனது, தரைவிரிப்பு போனது. ஒவ்வொரு முறை எதையாவது கழற்றியதும் ரைஸ்மில் எடை மேடைக்குக் காரை ஓட்டிப் போய் நிறுத்துப் பார்ப்பார். நெல் ஏற்றி வருகிறவர்கள் கூடுதல் காட்டினால் சந்தோஷப்படும் அந்த மேடையில், குறைந்ததற்காகக் கைதட்டிய ஒரே ஆள் அவர்தான்.

காரணம் இருந்தது. சென்னைக்குப் பக்கத்தில் கார் பந்தயத் தடம் ஒன்று உண்டு. அங்கே பந்தயக் கார்கள் வைத்திருக்கும் ஒருவர், சித்தப்பாவின் கைவேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு, “நீயே தயார் பண்ணின வண்டியில மூணு சுத்து ஓட்டிக் காட்டு. நேரம் நல்லா வந்தா எங்ககூட சேந்துக்க” என்று சொல்லியிருந்தார். ஒரு நாளும் குறித்துக் கொடுத்திருந்தார். அந்த ஒரு நாளுக்காக ஏழு மாதம் களத்தில் கிடந்தார் சித்தப்பா. டர்போ திணிக்கும் காற்றைக் குளிரவைக்க, உடைந்த லாரியிலிருந்து கழற்றிய பெரிய இன்டர்கூலரை முன்னால் பொருத்தினார். சைலன்சர் குழாயை அகலமாக்கினார். வளைவில் சாயாமல் ஓடவேண்டும் என்று ஸ்பிரிங்கை வெட்டிக் காரை நான்கு விரற்கடை தாழ்த்தினார்.

அங்கேதான் வம்பு வந்தது. எங்கள் தெருவிலிருந்து திருக்காட்டுப்பள்ளி சாலைக்குப் போக ஒரே வழி, வாய்க்காலின் மேல் கட்டிய ஒரு குட்டிப் பாலம். மதகு என்போம். இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர், நடுவில் ஒட்டக முதுகுபோல ஒரு மேடு. தாழ்த்திய காரின் வயிறு அந்த மேட்டில் இடித்தது. சித்தப்பா யோசித்தார். வயலைச் சமப்படுத்தும் பழைய பரம்புப் பலகையை அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டாக அறுத்தார். மேட்டைத் தாண்டி முன்சக்கரங்கள் இறங்கும் இடத்தில் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பலகைகளையும் போட்டால், வண்டி வயிற்றை எக்கிக்கொண்டு தாண்டிவிடும்.

பலகை போடுவது என் வேலை. இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. ஓடி நின்ற காரை உடனே அணைக்கக்கூடாது, டர்போ ஆறவேண்டும் என்பார். நான் அறுபது எண்ணுவேன். அறுபது சொன்ன பிறகுதான் சாவியைத் திருப்புவார். ஐம்பத்தெட்டில் வேண்டுமென்றே நிறுத்தி அவரைக் காக்க வைப்பது எனக்குப் பெரிய பெருமை.

அந்தத் தை மாதம் ஊரில் வேறொரு சண்டையும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வயல்களின் குறுக்கே ஒரு கம்பெனி குழாய் பதிக்க வந்திருந்தது. கதிர் முற்றித் தலைசாய்ந்திருந்த நேரம், இன்னும் பத்து நாளில் அறுப்பு. அறுத்தபின் வாருங்கள் என்று கேட்டும் பலனில்லை. தடை கேட்டு ஊரே கோர்ட்டுக்குப் போயிருந்தது. சித்தப்பா சென்னைக்குக் கிளம்ப இருந்த வெள்ளிக்கிழமை மதியம்தான் வழக்கும் விசாரணைக்கு வந்தது. மறுநாள் காலை அவர் தடத்தில் இருக்கவேண்டும்.

கம்பெனிக்கும் கணக்குத் தெரியும். மதியத்துக்குள் வயலில் இறங்கிவிட வேண்டுமென்று காலையிலேயே குழாய் லாரிகள் வந்துவிட்டன, கூடவே போலீஸ் வேன்களும். ஊர் மதகின்மேல் உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்துக்கும் அதுதான் வழி என்பதால் எனக்கு லீவு. நாட்டுக்காக நானும் ஏதோ செய்தேன் என்ற திருப்தி.

சித்தப்பா நடந்துபோய்க் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார். களத்தில் காரை ஒரு சுற்றுச் சுற்றி நடந்தார். நான் மதகடிக்கே ஓடிவிட்டேன்.

பத்து மணிக்குப் போலீஸ் எல்லோரையும் தூக்கி வேனில் ஏற்றியது. தன் கட்சி ஆட்சியில் தன்னையே தூக்குகிறார்களே என்று அப்பா கத்திக்கொண்டே ஏறினார். மதகு காலியானது. லாரிகள் உறுமின. அப்போதுதான் தெருப்பக்கமிருந்து அந்த அகலச் சைலன்சரின் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி லாரியை நிறுத்தினார். “நீங்க போயிடுங்க தம்பி. அப்புறம் லாரிய விடுறோம்.”

வேன் ஜன்னலில் அப்பாவின் முகம் தெரிந்தது. தம்பி ஊரை விட்டுவிட்டுப் பந்தயத்துக்குப் போகிறான் என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பலகை போடக் கூப்பிடுவார் என்று முன்னால் ஓடினேன். கார் நிற்கவேயில்லை. வழக்கத்தைவிட வேகமாக மேட்டில் ஏறியது. அடியில் தகரம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். முன்சக்கரம் அந்தரத்தில் சுற்ற, மதகின் நட்டநடுவில், இரண்டு சுவர்களுக்கும் இடையில், வயிறு பதிய உட்கார்ந்துவிட்டது.

சித்தப்பா சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார். நான் ஒன்றுகூட எண்ணவில்லை. காரைப் பின்பக்கமாக எடுக்க அவர் முயலவும் இல்லை. அடியிலிருந்து என்ஜின் ஆயில் கறுப்பாக ஒழுகி வாய்க்காலில் இறங்கியது.

அதன்பிறகு நடந்தது திருவிழாக் கூத்து. போலீஸ்காரர்கள் தள்ளினார்கள், ஆயிலில் வழுக்கி விழுந்தார்கள். கயிறு கட்டி இழுக்கலாம் என்றால் இழுக்கும் கொக்கியையும் எடைக்காகக் கழற்றிவிட்டிருந்தார் சித்தப்பா. “ஜாக்கியாவது வச்சிருக்கியாய்யா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“இல்லீங்க சார். எடை.”

ஜாக்கி முன்சீட்டுக்கு அடியில் லுங்கியில் சுற்றி இருப்பது எனக்குத் தெரியும். சுற்றிவைத்ததே நான்தான். பாவம், பதற்றத்தில் மறந்துவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். “பாப்பா, தாகமா இருக்கு. வீட்டுக்குப் போயி தண்ணி கொண்டா” என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் மாட்டுக்கொட்டகைச் சுவரில் இரண்டு பலகைகளும் சாய்ந்து நின்றன. முந்தின நாள் சாயங்காலமே அவற்றைக் காரில் ஏற்றியதாக எனக்கு நன்றாக ஞாபகம். அப்படியானால் ஏற்றவில்லை. அவருடைய ஏழு மாத உழைப்பும் என் மறதியால்தான் போனது. தண்ணீரை மறந்தேன். இரண்டு பலகைகளையும் இழுத்துக்கொண்டு வரப்பு வழியாக ஓடினேன். சித்தப்பா வாய்க்கால் கரையில் புங்கமரத்தடியில் தனியாக நின்றிருந்தார்.

“பலகை கொண்டாந்துட்டேன் சித்தப்பா! இன்னும் நேரம் இருக்கு!”

அவர் போலீஸ் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பலகைகளை என்னிடமிருந்து வாங்கினார். ஒன்றின்மேல் ஒன்றாகப் புல்லில் போட்டார். அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

நான் அழ ஆரம்பித்தேன். மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு காரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை என் தலையில் இருந்தது.

கிரேன் வந்துசேர்ந்தபோது மதியம் மணி ஒன்றரை. ஒரு மணிக்கே கோர்ட் தடை கொடுத்துவிட்ட சேதி வந்துவிட்டது. லாரிகள் பின்பக்கமாகவே போயின. பத்து நாளில் அறுப்பு முடிந்தது.

காரின் என்ஜின் ஆயில் தொட்டி கிழிந்திருந்தது. பந்தயக்காரர் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். வேனிலிருந்து இறங்கிய அப்பா, “ஊரே உக்காந்து நிறுத்த முடியாத லாரிய எந்தம்பியோட முட்டாத்தனம் நிறுத்திடுச்சு” என்றார். அதைப் பின்னால் எத்தனையோ கல்யாணப் பந்திகளில் சொல்லிச் சிரித்தார். பக்கத்து இலையில் சித்தப்பாவும் சேர்ந்து சிரிப்பார். பட்டுக்கோட்டையில் அறுவடை மிஷின்களைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கும் இன்றைக்கும், அந்தக் கதையை யாராவது எடுத்தால் சிரிக்கத்தான் செய்கிறார். மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட வருஷம், ஒரு வேகத்தடையில் ஏறும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஓரமாக வண்டியை நிறுத்தினேன். பலகைகளை நான் காரில் ஏற்றித்தான் இருந்தேன்.

அந்தப் பத்து வயதில் இது ஒன்றும் தெரியாது. பலகையை மறந்த குற்றத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஆகவே கோபத்தை அவர்மேல் திருப்பிக்கொண்டேன். என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, அறுபது எண்ணவாவது விட்டிருக்கலாமே என்று ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் களத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

“தப்புத்தான் பாப்பா. ஒன்னக் கூப்புடாம ஓட்டிட்டேன். இந்த ஒரு தடவ மன்னிச்சுடேன்.”

இனிமேல் இப்படிச் செய்யக்கூடாது என்று சொல்லி, நான் அவரைப் பெரிய மனசு பண்ணி மன்னித்தேன்.