காப்புக் கட்டாத வாசல்

ஆவாரஞ்செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆடுகூட அதில் வாய் வைக்காது. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்குப் பின்னால் இருந்த செம்மண் மேட்டில், உடைந்த கோப்பைகளும் தலைபோன பொம்மைகளும் கொட்டிக் கிடந்த இடுக்கிலெல்லாம் அது பாட்டுக்கு முளைத்து, மார்கழி பிறந்தால் மஞ்சளாகப் பூத்துத் தள்ளும்.

வளர்மதி அந்தச் சூளைகளில் ஒன்றில் பொம்மைகளுக்குப் பிசிறு எடுக்கிறவள். அச்சிலிருந்து வரும், இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளை ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்து விரல்நுனி மழுங்கிவிட்டது. ரேஷன் கடை மிஷின் அவள் ரேகையை ஏற்பதில்லை. புருஷன் பச்சமுத்து குஜராத் பக்கம் டைல்ஸ் கம்பெனி வேலைக்கென்று ரயிலேறிப் போனவன். முதல் வருஷம் போன் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. தேடிப்போன அவள் அண்ணன் மாணிக்கவேல் வெறுங்கையோடு திரும்பினார். பச்சமுத்து போய் ஐந்து வருஷமாகிறது. காரியம் செய்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் நச்சரித்தார்கள்.

அவளோ ஒவ்வொரு போகியன்றும் மேட்டுக்குப் போவாள். ஆவாரம்பூ ஒடித்து வந்து, வேப்பிலையும் பூளைப்பூவும் சேர்த்து வாசல் நிலையில் காப்புக் கட்டிவிடுவாள். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் காப்புக் கட்ட மாட்டார்கள். அவள் கட்டினாள் என்றால், என் புருஷன் இருக்கிறான் என்று அர்த்தம். ஊர் வாயை அடைக்க அந்த ஒரு கொத்து போதும்.

இந்தப் போகிக்கும் வேலை முடிந்ததும் போனாள். மேட்டைக் காணோம். மனை போடுகிறவர்கள் ஜேசிபி வைத்து வழித்துவிட்டு, வரிசையாகக் கலர்க் கொடி நட்டிருந்தார்கள். எத்தனையோ கோடையைத் தாங்கி நின்ற செடிகளை வேரோடு புரட்டிப் போட்டிருந்தார்கள், பாவிகள். காய்ந்து கிடந்த குச்சிகளில் பேருக்குக்கூட ஒரு பூ இல்லை. கடைத்தெருவுக்கு ஓடினாள். காப்புக்கட்டு விற்கிறவர்கள் எல்லாம் விற்றுத் தீர்த்துச் சாக்கை உதறிக்கொண்டிருந்தார்கள்.

எதிர் வீட்டு அன்புக்கரசியிடம் ஒரு கொத்து கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லையென்று சொல்கிறவள் இல்லை. ஆனால் வளர்மதிக்கு வாய் வரவில்லை. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. கால் வலிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

பொங்கலன்று விடிந்ததும் வாசலில் அடுப்பு மூட்ட வந்த அன்புக்கரசி எதிரே பார்த்தாள். நிலை வெறுமையாக இருந்தது. கையிலிருந்த கரும்பைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, கதவைத் திறந்த வளர்மதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எப்பக்கா சேதி வந்துச்சு? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

பின்னாலேயே தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பூ கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லத்தான் வளர்மதி வாயைத் திறந்தாள். "பூவு..." என்பதுவரை வந்தது. அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அவன் இல்லை என்பது தனக்கு எப்போதோ தெரியும் என்று அவளுக்கு அந்த நேரத்தில்தான் தெரிந்தது. அன்புக்கரசி அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அன்று அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் பொங்கல் பானை ஏறவில்லை.