கஸ்பாரின் கை பிறழ்ந்த படம்

நான் முன்னமே சொன்னேன். கஸ்பார் கேமரா கம்பெனி மாறுவார் என்று சொன்னேன், மாறினார். மாறினால் தாலி கட்டுகிற நேரத்தில் கை பிறழும் என்று சொன்னேன், அந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். எதிலும் எனக்கு முந்துகிற மனுஷன் போவதிலும் முந்துவார் என்றுகூடச் சொல்லியிருந்தேன். அதை மட்டும் விளையாட்டாகச் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை சீலா மீன் வாங்கிக்கொண்டு திரும்புகையில் அவர் மகள் ஜெனிட்டா போனில் "மாமா, அப்பா..." என்றதுமே விளங்கிவிட்டது. மீனை யார் கையில் கொடுத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

நம் போட்டோகிராபர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடியில் கல்யாணப் படம் என்றால் ஒரு காலத்தில் இரண்டே பேர்தான். ஒருவர் கஸ்பார். இன்னொருவர் யார் என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. நான் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனாலும் லென்ஸைப் பற்றிக் கல்லூரியிலேயே பாடம் எடுத்திருப்பேன், அவர்கள்தான் கூப்பிடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மஞ்சள் பட்டைக் கம்பெனியின் கேமராவைத்தான் கழுத்தில் போட்டிருந்தோம். திடீரென்று அவர் சிவப்பு வளையக் கம்பெனிக்கு மாறினார். ஒரு கம்பெனியின் லென்ஸ் இன்னொரு கம்பெனி கேமராவில் உட்காராது. அதனால் அவருடைய பழைய லென்ஸ்கள் எல்லாம் என்னிடம் வந்தன. அவர் படங்களைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவன் நான். இனி அந்தக் கண்ணாடி என் கையில். மாட்டினேன், எடுத்தேன். படம் என் படமாகவே வந்தது.

அவருடைய புது லென்ஸை என்னுடையதோடு ஒத்துப் பார்த்தாக வேண்டும் என்று நான்தான் அவரைக் கடற்கரைக்கு இழுத்துப்போனேன். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் ஒரு சரக்குக் கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நின்றது. யார் படத்தில் கப்பலின் பெயரை நன்றாகப் படிக்க முடிகிறதோ அவர் லென்ஸ் உசத்தி என்று பேச்சு. என் லென்ஸைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வானம் தெளிந்திருந்தால் இலங்கையில் கொடியில் துணி காய்வதுகூட அதில் தெரியும். அன்று கொஞ்சம் மூட்டம். என் திரையில் எழுத்து தெரிந்தது. அவர் திரையில் எழுத்தும் தெரிந்தது, எழுத்துக்குக் கீழே வழிந்திருந்த துருவும் தெரிந்தது.

"அது துரு இல்லவே, உம்ம லென்ஸ்ல இருக்க அழுக்கு" என்றேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்துக் காட்டினார். துரு அங்கேயே இருந்தது. "அழுக்கு அழுத்தமா ஒட்டிட்டு போலிருக்குவே" என்றார்.

தோற்று வீட்டுக்குப் போகிற ஆளா நான்? அவர் லென்ஸை வாங்கித் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இரண்டு கம்பெனிக்கும் ஜூம் வளையம் எதிரெதிர்ப் பக்கம் சுற்றுகிறது. இதில் எந்தத் திருப்பில் படம் நெருங்குமோ, அதே திருப்பில் அதில் விலகும். பழகின கை மறக்காது, சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில் பிறழும் என்று அங்கேயே, அலைவாய்க்கரையில் வைத்து, வாக்குப்போலச் சொன்னேன்.

"கை பெரண்டா பெரளட்டும்வே, கண்ணு இருக்குல்லா" என்றார்.

மண்டபத்துக்குள் நுழைந்தால் நான் நேரே மேடைக்குப் போய் லைட் ஸ்டாண்டுக்கு இடம் பிடிப்பேன். கஸ்பார் நேரே சமையல்கட்டுக்குப் போவார். வடை தின்னத்தான் போகிறார் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். வடையும் தின்பார்தான்.

அவர் கம்பெனி மாறியதும் வந்த முதல் பெரிய கல்யாணம், திருச்செந்தூர் ரோட்டு மண்டபத்தில். பெண் வீட்டுக்குக் கஸ்பார், குலசேகரன்பட்டினத்து மாப்பிள்ளை வீட்டுக்கு நான். பெண்ணுக்குத் தகப்பனார் இல்லை. தாலி இல்லாத தாய் முகூர்த்த நேரத்தில் மேடைக்கு வரக் கூடாது என்று பெரியவர்கள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். கெட்டிமேளம் கொட்டியது. நான் நெருங்கி எடுத்தேன். மஞ்சள் கயிற்றின் இழையை எண்ணலாம், அவ்வளவு துல்லியம். கஸ்பாரின் படமோ விலகி, அகலமாக வந்திருந்தது. தாலி அதில் சின்னது. ஆனால் ஓரத்தில், சமையல்கட்டு வாசல் தூணுக்குப் பக்கத்தில், அந்தத் தாய் தனியாக நின்று அட்சதை போடுகிறாள். அந்த அரிசி மேடைக்கு எட்டாது. கையை விட்ட நிலையில் அந்தரத்தில் நிற்கிறது. பெண் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, தலை குனியவும் இல்லை. அந்தத் தூணைத்தான் பார்க்கிறாள்.

பெண் வீட்டார் அதைப் பெரிதாக்கி நடுவீட்டில் மாட்டினார்கள். என் ஆல்பத்தை வாங்கின மாப்பிள்ளை வீட்டாரும் அந்தப் படத்தில் ஒன்று கேட்டு வாங்கிப்போனார்கள். அதற்குப் பிறகு கல்யாண வீட்டுக்காரர்கள் என் கடை வாசலில் நின்றுகொண்டே கஸ்பார் கடைக்கு வழி கேட்டார்கள். நானும் சொன்னேன், கொஞ்சம் சுற்று வழியாக.

அப்போது தொடங்கினதுதான் இந்தப் பேச்சு. நெருங்கப் போன கஸ்பார் பழைய பழக்கத்தில் வளையத்தை மாற்றித் திருப்பிவிட்டார், படம் விலகிவிட்டது, குருட்டு அதிர்ஷ்டம் என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். ஊர் சிரித்தது. ஒருநாள் டீக்கடையில் அவரை வைத்துக்கொண்டே சொன்னேன். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். "ஆமாவே, பெரண்டுட்டு" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றினார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் ஜெனிட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சங்க மலரில் அந்தப் படத்தை முழுப் பக்கத்துக்குப் போடுகிறார்களாம். "கை பெரண்ட கதைய பக்கத்துலயே நீங்க எழுதுங்க மாமா. அப்பாவும் சேந்து சிரிச்ச கததானே" என்றாள்.

அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் படத்துக்குப் பக்கத்தில் அச்சில் ஏறிவிட்டால் அதுதான் கஸ்பார் என்று ஆகிவிடும். திருத்த அவர் வரப்போவதில்லை. வந்தாலும் "ஆமாவே" என்றுதான் சொல்வார்.

அவருடைய பழைய லென்ஸ் ஒன்று இப்போதும் என் கேமராவில் இருக்கிறது. அதோடு இன்னொன்றையும் யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறேன். அன்று முகூர்த்தத்துக்கு முன்னால் நானும் சமையல்கட்டுக்குப் போனேன், வடைக்காக. கஸ்பார் அந்தத் தாயிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தாலி கட்டும்போது நீங்க எங்கனம்மா நிப்பீங்க?"

"இங்கனதான், இந்தத் தூண் பக்கத்துல."

"இங்கனயே நில்லுங்க. மகள்ட்ட நான் சொல்லிருதேன்" என்றார் கஸ்பார்.

கெட்டிமேளம் கொட்டும்போது அவர் தோளோடு தோள் உரசி நின்றவன் நான். அவர் வளையத்தை நிதானமாகத் திருப்பினார். இந்தக் கட்டுரையில் இலங்கைத் துணி உட்பட மற்றதெல்லாம் உண்மை. கை பிறழ்ந்தது மட்டும் நான் கட்டிவிட்ட கதை.