தலையெண்ணெயும் செம்பு வலையும்

1986 மார்ச்சில், மலேசியாவின் ரவாங் ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் ஒரே வாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு வெப்பக் குழாய்கள் சோதனையில் தோற்றன. பழி நான்கு பெண்கள் மேல் விழுந்தது. அவர்களில் மூத்தவர் அமராவதி. வயது முப்பத்தொன்று, ஈஜோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்.

வெப்பக் குழாய் என்பது சூட்டைக் கடத்த, பென்சில் பருமனில் ஒரு செம்புக் குழாய். உள்சுவரை ஒட்டி மெல்லிய செம்பு வலை, கொஞ்சம் நீர். ஒரு முனை சூடானால் நீர் ஆவியாகி மறுமுனைக்கு ஓடும். அங்கே குளிர்ந்து, வலையின் நுண்துளைகளில் ஊறித் திரும்பும். வலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நீர் ஊறாது.

பிசுக்கு நீக்கும் மருந்துத் தொட்டியில் கழுவி வரும் வலையைச் சுருட்டிக் குழாய்க்குள் நுழைப்பது அந்த நால்வரின் வேலை.

"தலையில எண்ணெய் வழிய வர்றீங்க, கையுறையோட ஜடையத் தொடுறீங்க. வெள்ளிக்கிழமையோட நாலு பேரும் நின்னுக்குங்க," என்றார் சூப்பர்வைசர் தேவதாஸ்.

"உங்க தலையில என்ன சார், பச்சத் தண்ணியா?" என்றார் அமராவதி.

வரிசை முழுக்கச் சிரித்தது. தேவதாஸ் சிரிக்கவில்லை.

மண்ணெண்ணெய் அடுப்பில் திரி தண்ணீரில் நனைந்தால் எண்ணெய் ஏறாது என்பது அமராவதிக்குச் சிறுவயதிலேயே தெரியும். மறுநாள் மதியம், கேண்டீன் மேசையில் ஒரு கிளாஸ் சீனி போடாத கறுப்புக் கோப்பியை வைத்து, மூன்று வலைத் துண்டுகளின் நுனியை அதில் நிறுத்தினார். கூட்டம் கூடியது.

கழுவும் தொட்டியிலிருந்து இடுக்கியால் எடுத்து உலர்த்திய முதல் துண்டில் யார் கையும் படவில்லை. கோப்பி ஏறவில்லை. அதே தொட்டித் துண்டு ஒன்றைச் சோப்பும் வெந்நீரும் போட்டு மறுபடி கழுவியிருந்தார். அதில் இரண்டு விரற்கடை ஏறியது. சோப்பில் கழுவிய இன்னொன்றைத் தன் ஜடையிலேயே தேய்த்திருந்தார். அதிலும் ஏறவில்லை.

"பாத்தியா!" என்றார் தேவதாஸ்.

"பாத்தேன் சார். என் எண்ணெயும் தடுக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா அந்த மொதத் துண்டு யார் ஜடையத் தொட்டுச்சு? தொட்டி மருந்த மாத்தி எத்தன நாளாச்சு?"

"போன மாசம் வந்த சீனப் பெருநாளைக்கு முன்னாடி லா!" என்றாள் பின்னாலிருந்து லீலாவதி, நால்வரில் ஒருத்தி.

மருந்தை மாற்றச் சொல்லவேண்டியவர் தேவதாஸ்தான். "கோப்பியக் கொட்டு," என்றார்.

அமராவதி கிளாஸைக் கையால் அணைத்துக்கொண்டார். "மேனேஜர் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் இது இங்கதான் இருக்கும்."

மேனேஜர் வந்து பார்த்தார். திங்கட்கிழமை தொட்டி மருந்து மாற்றப்பட்டது. நால்வரும் எண்ணெய் வைக்காமல், தலையில் துணி கட்டி, ஆறு மணி பஸ்ஸில் வழக்கம்போல் வேலைக்குப் போனார்கள்.