வரிப் படிவத்தில் ஐந்து பேர்

ஸ்ரீரங்கத்து வாடகை அறையில் அன்று நான் மட்டும் இருந்தேன். கூடத் தங்கியிருந்தவர் உறையூரில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார். அப்பா, அம்மா, தங்கைகள் மூவரும் முசிறியில்.

அறுபதுகளின் தொடக்கம் அது. வருமான வரிப் படிவத்தை நானே நிரப்ப வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கேட்க ஒருவரும் இல்லை. ஆங்கிலம் புரிந்தது, கேள்விதான் புரியவில்லை. குடும்பம் என்ற இடத்தில், ரேஷன் கார்டில் எழுதுவதைப் போல ஐந்து பேரையும் எழுதினேன். எழுதி முடித்தபோது அறையில் ஆள் இருப்பது போலிருந்தது.

மறுநாள் திருச்சி ஆபீஸில் குமாஸ்தா படித்துச் சிரித்தார்.

"என்ன தம்பி, கல்யாணப் பத்திரிகையா அடிக்கிறீங்க? சம்சாரம், குழந்தைங்க இருந்தா மட்டும் எழுதுங்க."

"இன்னும் கல்யாணம் ஆகலைங்க. இவங்க அஞ்சு பேருக்கும் என் சம்பளந்தாங்க."

"இருக்கட்டும். சர்க்காருக்கு நீங்க தனி ஆள். தனி ஆளுக்கு வரி கூட."

பேனாவை என்னிடமே நீட்டினார். தங்கைகளின் பெயர்களையும் அப்பா பெயரையும் அடித்துவிட்டேன். அம்மா பெயரில் கை கொஞ்சம் நின்றது; பிறகு அதையும் அடித்தேன்.

மாதாமாதம் முசிறிக்குப் போகும் நாற்பது ரூபாய் மணியார்டர் அந்த மாதம் போகவில்லை. தனி ஆளாக நான் கட்டிய வரி நாற்பத்தோரு ரூபாய்.